ஏற்காட்டில் அரையாண்டு லீவு: ஃபுட்பால், சினிமா, வீடியோ கேம் மூன்றுக்கும் ஏற்பாடு

அரையாண்டு லீவுக்கு ஏற்காட்டில் மூன்று நாலு நாள் வீடு எடுத்துத் தங்கப் போகிறீர்கள். கூட வருபவர்களில் பாதிப் பேருக்கு ஃபுட்பால் பைத்தியம். பகலில் கேம், சாயங்காலம் படம், ராத்திரி மேட்ச் என்று திட்டம். இந்தத் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்தான். மேட்ச் நேரத்தைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் முதலில் முடிவு செய்வது ஒன்று. நெட் தேவைப்படும் வேலைகளை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது இன்னொன்று. மேட்ச் எப்போது தொடங்கும் என்பது நம் கையில் இல்லை. படமும் கேமும் நம் கையில். அதனால் தாளில் முதலில் மேட்சை எழுதுங்கள், மிச்சமிருக்கும் இடத்தில் மற்றதை வையுங்கள். டவுன்லோடு, அப்டேட் எதுவானாலும் சேலத்திலேயே முடித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

மேட்ச் மணி

டிசம்பர் கடைசி வாரத்தில் ஸ்பெயின், ஜெர்மனி லீக்குகள் பெரும்பாலும் குளிர்கால இடைவேளையில் இருக்கும். அந்த வாரத்துக்குச் சோறு போடுவது இங்கிலாந்தின் பிரீமியர் லீக்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் நாலரை. பலர் ஆகஸ்டில் பழகிய கணக்கையே டிசம்பரிலும் போட்டு, டிவியை ஒரு மணி நேரம் முன்னால் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறார்கள்.

டிசம்பர் கணக்கு இது. அங்கே மதியம் 12.30 ஆட்டம் நமக்கு மாலை 6 மணி. அங்கே 3 மணி என்றால் இங்கே இரவு 8.30. அங்கே 5.30 என்றால் இங்கே 11. அங்கே இரவு 8 என்றால் இங்கே 1.30, அதுவும் மறுநாள் தேதியில். 27ஆம் தேதி இரவு ஆட்டம் என்று போட்டிருந்தால் நம் காலண்டரில் அது 28ஆம் தேதி விடியற்காலை. அலாரம் வைக்கும்போது தேதியைப் பார்த்து வைக்கவும். ஒருநாள் தள்ளி வைத்துவிட்டு, காலையில் எழுந்து ஸ்கோரைப் படிப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

டிசம்பர் 26 என்றாலே நாள் முழுக்க மேட்ச் என்ற பழைய நினைப்பையும் நம்ப வேண்டாம். 2025இல் அன்று பிரீமியர் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்தது. மிச்சமெல்லாம் 27, 28க்குப் போய்விட்டன. வீடு புக் செய்யும் முன் அட்டவணையைப் பாருங்கள். டிவி ஒளிபரப்புக்காக நேரம் மாறும், ஆகவே கிளம்பும் நாளில் இன்னொரு தடவையும் பாருங்கள். எந்த ஆப்பில் வருகிறது என்பதும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிற விஷயம். போன சீசனில் பார்த்த ஆப்பிலேயே இந்த சீசனும் இருக்கும் என்று நினைத்துச் சந்தா கட்டாதீர்கள்.

ஒரு மேட்ச் என்பது 90 நிமிடம் அல்ல. இரண்டு பாதி, 15 நிமிட இடைவேளை, காய நேரம், வீடியோ பார்த்து முடிவு சொல்லும் வி.ஏ.ஆர். நிறுத்தம் எல்லாம் சேர்த்து 1 மணி 55 நிமிடம் ஒதுக்குங்கள். நாக் அவுட் ஆட்டமாக இருந்து சமனில் முடிந்தால் கூடுதல் நேரம், பெனால்டி என்று இன்னும் முக்கால் மணி நேரம் போகும்.

ஒரு நாளில் நான்கு நேரத்திலும் ஆட்டம் இருந்தாலும் இரண்டுக்கு மேல் பார்க்காதீர்கள். குழந்தைகள் இருந்தால் 6 மணியும் 8.30ம். பெரியவர்கள் மட்டும் என்றால் 8.30ம் 1.30ம். இந்த 8.30 ஆட்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு: சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை. மைதானத்துக்குப் போகாத ரசிகனுக்கு அங்கே கிடைக்காததை நீங்கள் ஏற்காட்டில் கம்பளிக்குள் இருந்து பார்க்கலாம்.

1.30 ஆட்டத்துக்கு விழித்திருந்து காத்திருப்பது வீண். 8.30 ஆட்டம் பார்த்தால் அது முடிந்ததுமே, பார்க்காவிட்டால் 9.30க்குப் படுத்து 1.10க்கு எழுவதுதான் நல்லது. நேரம் போகட்டும் என்று இரவு 9 மணிக்குப் படம் போட்டால் அது 12 மணிக்கு முடியும். நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் தூங்கிப்போவார்கள், ரிமோட் யார் கையில் இருந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

சேலத்தில் முடிக்க வேண்டியவை

கன்சோலை எடுத்துப் போகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். இன்றைய ஃபுட்பால் கேம் ஒன்றுக்கு 50 முதல் 100 ஜி.பி. இடம் வேண்டும், அப்டேட்டே பல ஜி.பி. வரும். மலைமேல் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதை இறக்க நினைத்தால் லீவு முடிந்துவிடும்.

அப்டேட் முடிந்த பிறகு வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கன்சோலை முழுக்க ஆஃப் செய்து மறுபடி போட்டு, கேம் திறக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் இல்லாமல் டிஜிட்டலாக வாங்கிய கேம் என்றால் இந்தச் சோதனை கட்டாயம். பிஎஸ் 5இல் செட்டிங்ஸில் உள்ள ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’ இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பிஎஸ் 4இல் அந்த கன்சோல் உங்கள் கணக்கின் ‘பிரைமரி’யாக இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் ‘ஹோம்’ எக்ஸ்பாக்ஸ் என்று அமைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் போனால் நெட் இல்லாத இடத்தில் கேமின் படத்தின் மேல் பூட்டுச் சின்னம்தான் தெரியும். நண்பரின் கணக்கில் வாங்கிய கேமை உங்கள் கன்சோலில் ஆடுபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கம்ப்யூட்டரில் ஆடுபவர்களும் இதே சோதனையைச் செய்யவும்.

எந்த வகை ஆட்டம் நெட் இல்லாமல் நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இ.ஏ. நிறுவனத்தின் கேமில் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் ‘கிக் ஆஃப்’ நெட் இல்லாமல் ஓடும். கார்டு சேர்த்து ஆடும் ‘அல்டிமேட் டீம்’ சர்வர் இல்லாமல் திறக்கவே திறக்காது. கொனாமியின் பழைய ஃபுட்பால் கேமான பெஸ், 2021இல் இலவச ‘இ ஃபுட்பால்’ ஆக மாறிய பிறகு பெரும்பகுதி சர்வரை நம்பியே இருக்கிறது. மலைக்கு எடுத்துப் போக டிஸ்கில் உள்ள பழைய ஃபிஃபாவோ பெஸ்ஸோ இருந்தால் அதுவே போதும். 2023க்குப் பிறகு கடையில் ‘ஃபிஃபா’ என்று கேட்டால் புதியது கிடைக்காது: ஃபிஃபா 23தான் அந்தப் பெயரில் இ.ஏ. வெளியிட்ட கடைசி கேம், அடுத்தது முதல் ‘எஃப்சி’ என்ற பெயர். உள்ளே இருக்கும் ஆட்டம் அதன் வாரிசுதான்.

கண்ட்ரோலர் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பிஎஸ் 4 கண்ட்ரோலரை பிஎஸ் 5இல் இணைக்கலாம், ஆனால் பிஎஸ் 4 கேமுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். பிஎஸ் 5 கேமுக்கு ஆகாது. பிஎஸ் 4 கண்ட்ரோலருக்கு மைக்ரோ யூ.எஸ்.பி., பிஎஸ் 5க்கு டைப் சி. மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள் இப்போது பல வீட்டில் இருப்பதில்லை. மூன்று மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், சார்ஜ் போட்டபடியே ஆடலாம்.

படங்களையும் முன்பே இறக்கிவையுங்கள். ஓ.டி.டி. ஆப்பில் இறக்கிய படம் நிரந்தரமாக இருக்காது. பல படங்களுக்கு ஒருமுறை ப்ளே அழுத்தினால் 48 மணி நேரம்தான் கெடு. ஓடுகிறதா பார்ப்போம் என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்தால் கெடு அப்போதே ஓட ஆரம்பித்துவிடும். இன்னொரு சிக்கல், போனில் இறக்கிய படத்தைத் திரைக்கு மிர்ரர் செய்யும்போது பல ஆப்களில் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக இருக்கும். கோளாறு எதுவும் இல்லை. காப்புரிமைக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எந்தச் சாதனத்தில் பார்க்கப்போகிறீர்களோ அதிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். சொந்தமாக டிஸ்கோ பென்டிரைவில் படமோ இருந்தால் தலைவலி இல்லை.

டிவியை எடுத்துப் போவதானால் நிற்கவைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவில் வண்டி ஆடும்போது படுத்திருக்கும் பேனலின் நடுப்பகுதிதான் முதலில் விரியும். பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில், திரைப் பக்கம் பஞ்சுத் தலையணை வைத்து நிறுத்துங்கள். கன்சோலில் டிஸ்க் இருந்தால் எடுத்துவிடவும். மேலே போய்ச் சேர்ந்ததும் பனிமூட்டத்தில் எல்லாம் லேசாக நனைந்திருக்கும். உள்ளே ஈரம் கோத்திருக்கலாம். பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் அறையில் வைத்த பிறகே பிளக்கில் சொருகுங்கள்.

நெட்டும் டேட்டாவும்

ஏற்காட்டில் ஒரே வீட்டில் முன் அறையில் நான்கு கோடு காட்டும் போன் பின் அறையில் ஒன்றும் காட்டாது. போய்ச் சேர்ந்தவுடன் இரண்டு வேறு கம்பெனி சிம்களோடு வீடு முழுக்க நடந்து பாருங்கள். நல்ல இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஜன்னலோரம்தான். அந்த ஜன்னலில் ஒரு போனை வைத்து, சார்ஜரோடு அங்கேயே விட்டுவிடுங்கள். அது அன்றிரவுக்கு மோடம், வாட்ஸ்அப் பார்க்க அதைத் தொடக் கூடாது. லேப்டாப்பில் பார்ப்பதானால் வைஃபை ஹாட்ஸ்பாட்டை விட யூ.எஸ்.பி. கேபிளில் இணைப்பது உறுதியாக இருக்கும்.

டேட்டா கணக்கு: ஒரு மணி நேரத்துக்கு 480 தரத்தில் சுமார் முக்கால் ஜி.பி., 720இல் ஒன்றரை வரை, 1080இல் மூன்று வரை. ஒரு முழு மேட்சுக்கு இதை இரண்டால் பெருக்குங்கள். நாளுக்கு 2 ஜி.பி. திட்டம் வைத்திருப்பவருக்கு 8.30 மேட்ச் 480இல்தான் முழுசாக ஓடும். 720இல் வைத்தால் இரண்டாம் பாதி நடுவில் வேகம் செத்துப்போகும். இங்கேதான் 11 மணி ஆட்டம் கைகொடுக்கிறது. தினசரி டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். 11க்குத் தொடங்கும் ஆட்டத்தின் முதல் பாதி 11.50 வாக்கில் முடியும். இரண்டாம் பாதி 12 தாண்டித்தான் ஆரம்பிக்கும். முதல் பாதி இன்றைய டேட்டாவில், இரண்டாம் பாதி நாளைய டேட்டாவில். பகலில் ரீல்ஸ் பார்த்துத் தீர்க்காமல் இருந்தால் 720இல் முழு ஆட்டமும் பார்த்துவிடலாம்.

ஆப்பில் வரும் நேரலை, மைதானத்தைவிட அரை நிமிடம் வரை பின்தங்கும். டிடிஎச் சில நொடிதான். பக்கத்து வீட்டில் டிடிஎச் ஓடினால் அவர்கள் கத்தும்போதே உங்களுக்கு கோல் தெரிந்துவிடும். அதற்கு மருந்து இல்லை. ஆனால் ஸ்கோர் ஆப்களின் நோட்டிஃபிகேஷனையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் நிறுத்திவைக்கலாம். சேலத்தில் இருக்கும் ஒரு சித்தப்பா போதும், பெனால்டி அடிக்கும் முன்பே முடிவைச் சொல்லிவிடுவார்.

வீட்டில் டிடிஎச் இருந்தால் அதையே முதல் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தால் டிஷ் சிக்னல் போகாது. கனமழை கொட்டும்போதுதான் போகும். பனியில் படம் வரவில்லை என்றால் டிஷ் அசைந்திருக்கும் அல்லது கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

கரண்ட்

வாடகை வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: பேட்டரி எத்தனை ஆம்பியர் ஹவர், எத்தனை வருஷமாகிறது, எந்தெந்த பிளக் பாயின்ட்டுக்கு இன்வெர்ட்டர் லைன் போகிறது. பல வீடுகளில் லைட், ஃபேனுக்கு மட்டும்தான் லைன் இருக்கும். டிவி பிளக்குக்கு இருக்காது.

150 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட் பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட் ஹவர். வீணாகிறது, முழுசாக வடிக்கவும் கூடாது என்று கழித்தால் நல்ல பேட்டரியில் 1200 கையில் நிற்கும். 43 அங்குல எல்.இ.டி. டிவி சுமார் 80 வாட், பிஎஸ் 4 ஸ்லிம் ஆடும்போது சுமார் 80, லைட் இரண்டு, மோடம் எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 190 வாட், ஆறு மணி நேரம் தாங்கும். பிஎஸ் 5 என்றால் அதுவே 200 வாட் தின்னும். நாலு மணி நேரம்கூட வராது. நான்கு வருஷப் பழைய பேட்டரிக்கு இதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோடு, எக்கோ மோடு என்று பின்னாலோ பக்கத்திலோ ஒரு சுவிட்ச் இருக்கும். கன்சோல் ஓடும்போது அது யூ.பி.எஸ். பக்கம் இருக்க வேண்டும். எக்கோவில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த இமைப்பொழுதில் கன்சோல் அணைந்து மறுபடி ஆரம்பிக்கும். அடிக்கடி இப்படி அணைந்தால் சேவ் கெடும், வெளியே மாட்டிய ஹார்ட் டிஸ்க் இன்னும் சீக்கிரம் கெடும். ஆடி முடித்தால் ‘ரெஸ்ட் மோடு’ வேண்டாம், முழுக்க ஆஃப் செய்துவிடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கன்சோலை மாட்டவே மாட்டாதீர்கள்.

இடைவேளையில் காபி போட எலக்ட்ரிக் கெட்டிலைப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அது 1500 வாட். ரூம் ஹீட்டர் 2000. கரண்ட் இல்லாதபோது இன்வெர்ட்டர் லைனில் இவற்றில் எதைப் போட்டாலும் ஓவர்லோட் ஆகி மொத்தமும் நின்றுவிடும். காபிக்குக் கேஸ் அடுப்பு. ஏற்காட்டுக் காபிப் பொடியை ஃபில்டரில் முதல் பாதி தொடங்கும்போதே போட்டுவைத்தால் இடைவேளைக்கு டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும்.

திரை

டிவியில் படத்துக்கு ‘சினிமா’, கேமுக்கு ‘கேம்’, மேட்சுக்கு ‘ஸ்டாண்டர்ட்’ என்று மூன்று மோடு மாற்றுங்கள். ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற மோடு புல்லை ரேடியம் பச்சையாகக் காட்டும், பந்துக்குப் பின்னால் நிழலை இழுக்கும். அந்தப் பெயரை நம்ப வேண்டாம். கேம் மோடு போடாமல் ஆடினால் பட்டனை அழுத்தியதும் ஆட்டக்காரர் காலைத் தூக்கச் சற்றுத் தாமதம் ஆகும். புளூடூத் ஸ்பீக்கரும் அப்படித்தான்: படத்துக்குப் பரவாயில்லை, ஆப் உதட்டசைவைச் சரிக்கட்டும். கேமில் உதை முடிந்தபின் சத்தம் வரும். 3.5 எம்.எம். ஒயர் ஒன்று பையில் இருக்கட்டும்.

புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்குத் திரை தேடி அலைய வேண்டாம். எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். இரண்டு பக்கக் கரையையும் விட்டால் நடுவில் 1.15 மீட்டர் உயரம் கிடைக்கும். 90 அங்குலப் படம், அதாவது 2 மீட்டர் அகலம் 1.12 மீட்டர் உயரம், சரியாகப் பொருந்தும். வெள்ளைப் பருத்தி வேட்டிதான் வேண்டும். சேலம் பட்டு வேட்டியின் மினுமினுப்பும் சந்தன நிறமும் படத்துக்கு ஆகாது, அதைத் திரையாக்க வீட்டில் விடவும் மாட்டார்கள். இஸ்திரி போட்டு, சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டு, கீழ்க் கரையில் ஒரு மரக்குச்சியோ பி.வி.சி. பைப்போ சுற்றிக் கட்டினால் சுருக்கம் இருக்காது. சுவரில் இருந்து தள்ளித் தொங்கவிட்டால் வெளிச்சம் பின்பக்கம் ஊடுருவிப் படம் மங்கும். அப்போது பின்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடவும்.

புரொஜெக்டரின் ‘த்ரோ ரேஷியோ’ 1.4 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 2.8 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஏற்காட்டின் சின்ன அறைகளில் இதுதான் இடிக்கும்; மூலைக்கு மூலை வைக்கலாம் என்று நினைத்தால் படம் கோணலாகும். வராண்டாவில் வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பனிமூட்டம் இறங்கினால் புரொஜெக்டர் ஒளி தூணாகத் தெரியும், திரையில் படம் வெளுத்துப்போகும், லென்ஸில் ஈரம் படியும். உள்ளேயே வையுங்கள்.

டோர்னமென்ட்

எட்டுப் பேர் இருந்தால் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் 28 ஆட்டம். பாதிக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும், மெனு, டீம் தேர்வு, ரீப்ளே எல்லாம் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு 13 நிமிடம் ஆகும்; ஆறு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். மதியத்துக்குள் பாதிப் பேர் எழுந்து படகு விடப் போய்விடுவார்கள். நாலு பேராக இரண்டு குரூப் பிரித்தால் 12 ஆட்டம், அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 15 ஆட்டம், மூன்றேகால் மணி நேரம். காலை 10க்குத் தொடங்கினால் சாப்பாட்டுக்கு முன்னால் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும். ஆறு பேர் என்றால் நேரடி லீக்கே 15 ஆட்டம்தான். குரூப் பிரிக்க வேண்டாம்.

கன்சோல் யாருடையதோ அவரையும், அவரோடு தினம் ஆடுகிறவரையும் வேறு வேறு குரூப்பில் போடுங்கள். டீம் எடுப்பதைச் சீட்டுக் குலுக்கி வரிசைப்படி விடுங்கள். ஒருவர் எடுத்த டீமை இன்னொருவர் எடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் எட்டுப் பேரும் ரியல் மாட்ரிட்தான். சமப் புள்ளி வந்தால் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல், பிறகு நேருக்கு நேர் முடிவு என்ற வரிசையை முதலிலேயே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் மூன்றாவது ஆட்டத்தில் சண்டை வரும். பாஸ் பட்டன் அழுத்தி நிறுத்துவது பந்து வெளியே போனபிறகு மட்டும்.

ஃபிஃபா பழகியவரும் பெஸ் பழகியவரும் ஒரே குரூப்பில் இருந்தால் ஆட்டத்துக்கு முன் பட்டன் அமைப்பைப் பாருங்கள். ஃபிஃபாவில் வட்டம் ஷூட், சதுரம் கிராஸ். பெஸ்ஸில் சதுரம் ஷூட், வட்டம் கிராஸ். கோல்கீப்பர் எதிரே தனியாக நிற்கும்போது பந்தை மூலைக்குத் தூக்கியடிப்பவர் திறமை இல்லாதவர் அல்ல, பெஸ்காரர். இரண்டு கேமிலும் செட்டிங்கில் மாற்று அமைப்பு உண்டு.

கன்சோலே இல்லையென்றாலும் ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் எல்லோரும் ஸ்கோர் எழுத வேண்டும். சரியான ஸ்கோருக்கு 3, வெற்றி தோல்வி மட்டும் சரி என்றால் 1. தாத்தா பாட்டிதான் பெரும்பாலும் ஜெயிப்பார்கள், அவர்கள் எல்லாவற்றுக்கும் 2–1 என்று எழுதுவதால்.

படம்

மாலை 6 மணி மேட்ச் இருந்தால் படத்தை மதியம் 2.30க்கு வையுங்கள். நம் ஊர் விளையாட்டுப் படங்கள் நீளம். ‘பிகில்’ (2019), ‘மைதான்’ (2024) இரண்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 3 மணிக்கு மேல் தொடங்கினால் கிளைமாக்ஸும் கிக் ஆஃபும் மோதும். எல்லா வயசும் கூட்டமாக இருந்தால் ‘பிகில்’, சத்தத்தோடு பார்க்க வேண்டிய படம். ஃபுட்பால் தெரிந்தவர்கள் மட்டும் என்றால் ‘மைதான்’. அதன் பின்னணி உண்மையானது: பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் தலைமையில் 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியில் தென்கொரியாவை 2–1 என்று வென்று இந்தியா தங்கம் எடுத்தது. பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் அடித்த கோல்கள். படம் போடும் முன் இதைச் சொன்னால் சிறுசுகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிவை மட்டும் சொல்லாமல் விடுவதா என்பது உங்கள் விருப்பம்.

நேரம் இரண்டு மணிதான் இருக்கிறது என்றால் மலையாளத்து ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018). மலப்புரத்தின் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பாலைச் சுற்றி நடந்தாலும் மைதானத்தில் கொஞ்ச நேரம்தான் இருக்கும்; வீட்டுக்குள்தான் படம். ஃபுட்பால் பிடிக்காதவர்களையும் உட்கார வைக்க இதைவிட நல்லது இல்லை. பந்தாட்டம் நிஜமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 1981இன் ‘எஸ்கேப் டு விக்டரி’. பெலே, பாபி மூர், ஆர்டிலெஸ் என்று நிஜ ஆட்டக்காரர்களே நடித்ததால் பந்து காலில் ஒட்டும் விதம் வேறு மாதிரி இருக்கும்.

சினிமா பிடித்தவர்கள் ஏறும் வழியில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். டி.ஆர். சுந்தரத்தின் அந்த ஸ்டூடியோவில் இருந்துதான் 1956இல் தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் வந்தது. வண்டியை நிறுத்துகிற இடம் அல்ல அது. மெதுவாகப் போனால் போதும்.

இடைவேளைக்கு

15 நிமிடத்தில் தயாராகி, கையில் எண்ணெய் ஒட்டாமல் தின்ன சேலத்துக்காரருக்கு தட்டுவடை செட் இருக்கும்போது வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்தால் ஒரு செட். எட்டுப் பேருக்கு ஆளுக்கு மூன்று செட் என்றால் 48 தட்டுவடை. உடைவதற்கும் சேர்த்து 60 வாங்குங்கள். கேரட், பீட்ரூட் தலா கால் கிலோ, பெரிய வெங்காயம் மூன்று, எலுமிச்சை இரண்டு. பூண்டும் வரமிளகாயும் அரைத்த காரச் சட்னியும், கொத்தமல்லி புதினாச் சட்னியும் கெட்டியாகச் சேலத்திலேயே அரைத்து டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். துருவலில் உப்பு, எலுமிச்சை கடைசி நிமிடத்தில்தான். முன்பே போட்டால் பீட்ரூட் தண்ணீர் விட்டு வடை நமுத்துவிடும். பனிக்காற்றில் டப்பா திறந்து கிடந்தாலும் நமுக்கும். நமுத்ததை வெறும் தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். அப்படியும் தேறாததை உடைத்துச் சட்னி, துருவலோடு கலந்து நொறுக்கல் ஆக்கிவிடுங்கள்.

பந்து

மூன்று நாளும் திரை முன்னாலேயே உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காலையில் பனி கலைந்து, புல் காய்ந்தபிறகு ஒரு மணி நேரம் ஐந்துக்கு ஐந்து ஆடுங்கள். 12 வயது வரை 4ஆம் நம்பர் பந்து, அதற்கு மேல் 5ஆம் நம்பர். விதிப்படி 5ஆம் நம்பர் பந்தின் காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், சிப்ஸ் பாக்கெட் உப்புவது போலப் பந்தும் கல்லாகும். சேலத்தில் 9 பி.எஸ்.ஐ. அடித்தால் வெயில் ஏறிய நேரத்தில் மேலே 11 வரை காட்டும். விடியற்காலைக் குளிரில் அதே பந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். கீழேயே கெட்டியாக அடித்துக்கொண்டு போகாமல், பம்பையும் ஊசியையும் எடுத்துப் போய் ஆடும் நேரத்தில் சரிசெய்யுங்கள். ஊசியை ஈரப்படுத்தாமல் வால்வில் சொருகினால் வால்வு கிழியும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது.

மெல்லிய காற்றில் பந்து சற்று அதிகத் தூரம் போகும், வளைவு குறைவாக இருக்கும். சேலத்தில் கம்பத்துக்குள் வளைந்து விழும் ஃப்ரீ கிக் இங்கே வெளியே போனால் காலைக் குறைசொல்ல வேண்டாம். கோலை மேட்டுப் பக்கமாக வையுங்கள். சரிவுப் பக்கம் வைத்தால் ஒவ்வொரு தவறிய ஷாட்டுக்கும் ஒருவர் காபித் தோட்டத்துக்குள் இறங்க வேண்டியிருக்கும். இருட்டிய பின் பந்து அங்கே போனால் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு.